புள்ளி விழுந்த படம்

"அக்கா, படம் எடுத்தீங்களா, மேல மணலை அள்ளித் தூவினீங்களா?"

சுக்சான் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். தங்கை சந்தாலாவின் கல்யாணப் படம். அப்பா அவள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்துகிறார். படம் முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளி.

கல்யாணத்துக்குப் படமெடுக்க வந்த வியெங்காம் ஒட்டரிசிச் சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ள இருட்டு தம்பி. ஃபிளாஷ் அடிக்காதேன்னு மந்திரம் சொல்ற பெரியவர் சொல்லிட்டார்."

சுக்சான் கேமரா வாங்கி நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் வியந்தியான் நகரத்துக்கே வாத்தியாராகிவிட்டான்.

"அதுக்காக வெளிச்சத்தைக் கூட்டுற ஐ.எஸ்.ஓ.வை ஆறாயிரத்துக்கு மேல ஏத்துவாங்களா? ஏத்தினா புள்ளி விழும்னு முதல் பாடத்துலயே சொல்லித் தர்றான். ஷட்டர் வேற கண்ணிமைக்கிறதுக்குள்ள மூடுது. எங்கப்பா உக்காந்து நூல்தானே கட்டினாரு, பந்தா விளையாடினாரு? ஷட்டரை மெதுவா விட்டிருந்தா வெளிச்சம் தானா உள்ள வந்திருக்குமே."

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சா ஏன் செய்யலை?"

வியெங்காம் ஓரமாக உட்கார்ந்திருந்த அவன் அப்பாவைப் பார்த்தாள். அடுத்த உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள்.

சந்தாலாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. நாளைக்கு அவள் கணவனோடு பாக்சேவுக்குப் புறப்படுகிறாள். அதற்குள் அப்பா படுக்கிற அறையில் இந்தக் காட்சியைப் பெரிதாக மாட்டிவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

"நான் எடுத்ததை மாட்டு" என்றான் சுக்சான். "கேமராவை ஸ்டாண்டுல வெச்சு, ஷட்டரை மெதுவா விட்டு எடுத்தேன். ஒரு புள்ளி காட்டு பார்ப்போம்."

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். பொய்யில்லை. பூ, பட்டு, சுவர் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

சந்தாலா குனிந்து பார்த்தாள்.

"அண்ணா, அப்பா கையைக் காணோமே?"

நூல் கட்டுகிற இடத்தில் வெறும் புகைமூட்டம்.

"அப்பாவுக்குத்தான் கை நடுங்குதே. மெதுவான ஷட்டர்ல நடுக்கம் எல்லாம் சேர்ந்து..."

சுக்சான் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அப்பா எழுந்து வந்து புள்ளி விழுந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அவர் விரல் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"இதையே மாட்டும்மா. சீக்கு வந்தப்புறம் என் கை சும்மா இருந்து இப்பதான் பார்க்கிறேன்."