சண்டைக்குச் சலுகை உண்டு

கோயம்புத்தூரில் இப்போது குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுப்பது வீட்டுக்காரர் இல்லை, வீடுதான். கதவு கேள்வி கேட்கும், பிடித்தால் திறக்கும். வால்பாறை மலையிலிருந்து வந்த முதுவர் பழங்குடி இளைஞன் வெள்ளையனிடம் எல்லாக் கதவுகளும் ஒன்றையே கேட்டன: "இதுக்கு முன்னாடி எந்த வீட்ல படுத்தீங்க?"

"சாவடியில. எங்க ஊர்ல கல்யாணமாகாத பசங்க எல்லாம் ஒண்ணாத்தான் படுப்போம்."

சொந்த வீடே இல்லாதவன் என்று முடிவுகட்டிக் கதவு வாயை மூடிக்கொள்ளும். அவனும் கூட்டாளிகள் ஆறு பேரும் பேருந்து நிலையத்தில் படுத்தார்கள்.

ஒரு மாலை, மழைக்கு எல்லோரும் ஒதுங்கியது பழைய கல்யாண மண்டபத்தின் வாசலில். பத்துப் பேரோடு கல்யாணம் முடிகிற காலத்தில் அதை யார் சீண்டுவார்கள்? மண்டபமும் அதே கேள்வியைக் கேட்டது. வெள்ளையனும் அதே பதிலைச் சொன்னான்.

"எல்லாரும் ஒண்ணாவா? சத்தம் போடுவீங்களா தம்பி?"

வெள்ளையன் சந்தையில் மிளகு விற்றவன். எதிராளியின் குரலில் ஆசை தெரிந்தால் விடமாட்டான்.

"பாட்டு, கூத்து எல்லாம் உண்டுங்க. வாடகைதான் கிடையாது."

"பந்தியில சண்டை?"

"தினமும். அதுக்குப் பதிலா குளிக்க வெந்நீர் நீங்க தரணும்."

"பாதி நாள் தர்றேன்."

"அப்ப சண்டையும் பாதி நாள்தான்."

மண்டபம் பதறியது. "சரி சரி, தினமும் தர்றேன். எத்தனை பேர்?"

"இப்ப ஏழு. சாவடிக்கு யார் வந்தாலும் இல்லேன்னு சொல்றதில்லைங்க. இன்னும் வருவாங்க."

ஒற்றைக் கதவைத் திறக்கப்போன மண்டபம் இரண்டையும் விரியத் திறந்தது. உள்ளே நாதஸ்வரம் முழங்கியது.

"வாங்க, வாங்க! சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றது பழக்கதோஷத்தில். பிறகு அவசரமாகத் திருத்திக்கொண்டது: "இல்ல, இல்ல. போகவே கூடாது."