மேடைக்கு மேலே ஒரு பூ

முட்டி வலி என்று பத்து மாதமாகச் சாரத்தில் கால் வைக்காதவள் நான். இன்று மதியம் எங்கள் ஆட்கள் சாப்பிடப் போனதும் முப்பத்திரண்டு படியையும் ஏறிவிட்டேன்.

வயிற்றெரிச்சல்தான் ஏற்றிவிட்டது. வேறென்ன?

இருபத்தெட்டு வருடம் பூட்டிக் கிடந்த நாடக அரங்கு இது. புறாக்களைத் துரத்தி, புது ஸ்பீக்கரும் கலர் விளக்குகளும் மாட்டியாயிற்று. நாளைக்கு முதல் கச்சேரி.

உதிர்ந்துபோன பிளாஸ்டர் பூக்களைப் புதிதாக வார்த்து ஒட்டும் வேலை எனக்கும் என் ஓரகத்திக்கும். கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் அவளைப் பார்ப்பது போதாதென்று இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டாள்.

பெரிய பூ இரண்டு. ஒன்று மேடைக்கு நேர் மேலே, ஊரே பார்க்கும் இடம். இன்னொன்று பால்கனிக்கு அடியில், பல்லிதான் பார்க்கும்.

ஆளுக்கு ஒன்று வார்த்தோம். ஒரே அச்சு. பொன் வண்ணம் பூசிவிட்டால் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. அதனால் ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு இதழின் பின்னாலும் குறி வைத்துவிடுவோம். நாளைக்கு ரிப்பேர் செய்ய வருகிறவன் பழசு எது, புதுசு எது என்று குழம்பக் கூடாதே. அவள் ஆணியால் பெருக்கல் குறி போடுவாள். நான் கட்டைவிரலை அழுத்துவேன்.

மேலே ஏறி ஒட்டியவள் அவள்தான். எதை எங்கே ஒட்டியிருப்பாள் என்று வேறு கேட்க வேண்டுமா?

நேற்று இன்ஜினியரம்மா மேடை நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். இதைச் செய்தவர்தான் அடுத்த கட்டடத்துக்குத் தலைமை மேஸ்திரி என்று சொல்லி, சாரத்திலிருந்து இறங்கிய ஓரகத்தியின் தோளைத் தட்டினார். இவள் வாயைத் திறப்பதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது.

பதினாறு வருடமாக வார்க்கிறேன் நான். இவள் வந்து மூன்று வருடம் ஆகவில்லை. கொடுத்து வைத்த மகராசி!

நேற்று வீடு திரும்பும்போது பஸ்ஸில், “அக்கா, ஒண்ணு சொல்லணும்” என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

உன் பெருமையை நீயே வைத்துக்கொள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் யாரும் அங்கே கை வைக்க முடியாது. ஒரே ஒரு இதழைப் பெயர்த்தால் போதும். பொக்கை வாய் மாதிரி தெரியும். நாளைக்கு முழுக்க அதைப் பார்த்துப் பார்த்து அவளும் எரியட்டும்.

கீழே மேடையில் யாரோ மைக்கைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தோடு சத்தமாக உளியை வைத்து ஒரு தட்டு தட்டினேன். இதழ் கையோடு வந்துவிட்டது.

அவள் குறியைப் பார்த்தாலாவது மனசு ஆறும் என்று திருப்பினேன்.

கட்டைவிரல் ரேகை.

ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு. போன வருடம் தகரம் கிழித்த தழும்பு. என் விரலை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

அப்போதுதான் சாரம் ஆடியது. யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் இல்லை, இரண்டு பேர்.

“மேல இருக்கறது உங்க பூதான்னு இன்ஜினியரம்மாகிட்ட சொல்லிட்டேன் அக்கா!” மூச்சு வாங்கியபடியே சிரித்தாள் ஓரகத்தி. “அங்கேயே நில்லுங்க. பூவோட சேத்து உங்கள ஒரு போட்டோ எடுக்கணுமாம்!”