மறுப்பு எழுதத் தெரிந்தவர்

"உஸ்தாத் வஜ்தி, நீங்கதான் காப்பாத்தணும்!" அரசாங்கச் செய்தித் தொடர்பாளர் ஷவ்கி, புதினாத் தேநீரை அவர் முன்னால் வைத்தார். "மனித உரிமைக்காரங்க அறிக்கை விட்டுட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள மறுப்பு கொடுக்கணும்."

"என்னவாம்?"

"ஒரு ஆளை ரகசியமா அடைச்சு வெச்சிருக்கோமாம். வெறும் அவரையை அவிச்சுப் போடுறோமாம்."

"நீ என்ன எழுதின?"

"'உண்மைக்குப் புறம்பானது'ன்னு எழுதினேன். அமைச்சர் அதை என் மூஞ்சியில விட்டெறிஞ்சாரு. 'வஜ்தி எழுதின மாதிரி வருமா'ன்னாரு."

வஜ்தி சிரித்துக்கொண்டார். ஷவ்கிக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். எந்த அறிக்கை வந்தாலும், தேநீர் ஆறுவதற்குள் மறுப்பை எழுதிவிடுவார்.

"எழுதிக்கோ. 'அப்படி ஒருவர் எங்கள் சிறைகளில் இல்லவே இல்லை.'"

"ஆஹா!"

"'மேலும், அவர் அங்கே நலமாக இருக்கிறார். தினமும் கோழியும் சோறும் தரப்படுகின்றன.'"

"வல்லாஹி! ரெண்டு குற்றச்சாட்டுக்கும் பதில் வந்துடுச்சு!" ஷவ்கி அவர் நெற்றியில் முத்தமிட்டார்.

"ஆளோட பேரைப் போட மறந்துடாதே. பேர் இல்லாத மறுப்பை எவனும் நம்ப மாட்டான்."

"போட்டுட்டேன் உஸ்தாத். 'வஜ்தி ஸக்லூல்.' எழுத்துப்பிழை இல்லையே?"

"இல்லை."

ஷவ்கி இரும்புக் கதவைத் தட்டினார். காவலர் திறந்து, அவரை மட்டும் வெளியே விட்டுவிட்டு மறுபடியும் பூட்டினார்.

கம்பிகளுக்குள்ளிருந்து வஜ்தி கூப்பிட்டார்:

"ஷவ்கி, போற வழியில சமையல்காரன்கிட்டச் சொல்லிடு. இன்னையிலேர்ந்து கோழி போடணும். அரசாங்கம் பொய் சொல்லக் கூடாது, பாரு!"