குட்டிக்குப் பாலாடை

ஆட்டுக்குட்டி தாயின் மடியில் வாய் வைப்பதற்குள் ராகேல் அதன் பின்னங்காலைப் பிடித்து இழுத்துவிட்டாள். நிறைவயிற்றோடு குனிந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. தொழுவத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி கிரேசி, குட்டியைத் தள்ளைகிட்ட விடாதன்னு சொன்னேனா இல்லியா?"

"அது பசிச்சு மே மேன்னு கரையுதும்மா."

"கரையட்டும். போய்ப் பாலாடையை எடுத்துட்டு வா."

கிரேசிக்கு எட்டு வயது. கோழியைப் பார்க்க ஆறு வயது, ஆட்டைப் பார்க்க எட்டு, பசுவைப் பார்க்கப் பத்து என்று அந்த வீட்டில் ஒரு கணக்கு உண்டு. போன வாரம் ஆடு குட்டி போட்டதும், "எனக்கு எட்டாச்சு, குட்டி எனக்குத்தான்" என்று அவள் துள்ளிக் குதித்தாள்.

'தப்பில்லாமல் நீயே வளர்த்தால் உனக்கு. இல்லையென்றால் தாயும் குட்டியும் அடுத்த திங்கள்சந்தைக்குப் போய்விடும்' என்று ராகேல் கறாராகச் சொல்லிவிட்டாள். அன்று முதல் பிள்ளை சந்தை நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

வளர்ப்பது என்றால் ராகேலிடம் அது லேசுப்பட்ட காரியமில்லை. ஆட்டைக் கறக்க வேண்டும். பாலில் தண்ணீர் விட்டுக் காய்ச்ச வேண்டும். ஆறியதும் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்க வேண்டும். பிறகு, கிரேசி கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடித்த அதே மூக்கு நீண்ட சிறு பித்தளைப் பாலாடையில் ஊற்றிப் புகட்ட வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு இத்தனை உபசாரம் அந்தப் பக்கத்தில் யாரும் செய்ததில்லை.

"எல்லா வீட்டுலயும் குட்டி தானா குடிக்குதும்மா. நம்ம வீட்டுல மட்டும் எதுக்கு இப்பிடி?"

"சொன்னதைச் செய்."

"மலையாளப் பாடம் எழுதல்ல. சார் அடிப்பாரு."

"அடிச்சா வாங்கிக்க. குட்டிக்குப் பசிக்கும்லா?"

பாடம் எழுதாவிட்டால் முதல் அடி அம்மாவிடமிருந்துதான் விழும். அந்த அம்மாவா இப்படிப் பேசுகிறாள் என்று கிரேசிக்குத் திகைப்பாக இருந்தது. அம்மா இப்போதெல்லாம் சத்தம் போடுவதுமில்லை. அவள் குரலில் கோபமில்லை, பிரியமில்லை, ஒன்றுமேயில்லை.

மரச்சீனி விளையிலிருந்து மண்வெட்டியோடு திரும்பிய ராகேலின் கணவன் ரசலையன், தொழுவத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"தள்ளை மடி கனத்து நிக்குது, குட்டி பாலாடையில குடிக்குது. ராகேலு, பேறு பக்கத்துல வந்தா ஒனக்குக் கிறுக்கும் வருமோ?"

"நான் பேறுக்குப் படுத்துட்டா இதையெல்லாம் யாரு பாப்பா? பிள்ளை படிக்கட்டும்."

அதுவும் நியாயம்தான் என்று பட்டது அவனுக்கு. நெஞ்சுப் படபடப்பு என்று போன வாரம் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவள், "வயித்துப் பிள்ளை நல்லாயிருக்குன்னு டாக்டரம்மா சொன்னா" என்று மட்டும் சொல்லியிருந்தாள். பிள்ளை நல்லாயிருந்தால் போதாதா? அவன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கால் கழுவப் போனான்.

கிரேசி சம்மணம் போட்டு உட்கார்ந்து குட்டியை மடியில் கிடத்தினாள்.

"கழுத்துக்கு அடியில கைய வை" என்றாள் ராகேல்.

"அதுக்குத்தான் கழுத்து நிக்குதே அம்மா."

"நிக்கட்டும். நீ கைய வை."

பாலாடையின் மூக்கை வாயோரம் வைத்துச் சாய்த்தாள். நாலு மடக்கு குடித்திருக்கும், குட்டிக்குப் புரையேறிவிட்டது. மூக்கு வழியே பால் வந்தது. கால்களை உதைத்துக்கொண்டு அது இருமியது.

போச்சு, சந்தைதான் என்று கிரேசிக்கு அழுகை முட்டியது. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். ராகேல் தூணை விட்டு அசையவில்லை.

கிரேசி பாலாடையைக் கீழே வைத்தாள். குட்டியை ஒருபக்கமாகச் சரித்து மூக்கைத் துடைத்தாள். தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள். இருமல் நின்று அது அமைதியான பிறகு மறுபடியும் மடியில் கிடத்தி, கழுத்துக்கு அடியில் கையை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டத் தொடங்கினாள். அழுகை முட்டிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை.

பால் தீரும்வரை ராகேல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கொள்ளாம், சரியாச் செய்த" என்றாள். "குட்டி ஒனக்குத்தான். இனி அதைத் தள்ளைகிட்ட விடு."

கிரேசி நம்பாமல் ஒரு கணம் விழித்தாள். பிறகு குட்டியை இறக்கிவிட்டாள். அது ஒரே ஓட்டமாக ஓடி மடியை முட்டியது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"பாலாடையை வெந்நியில போட்டுக் கழுவி வை. எனக்கில்ல, ஒனக்குக் கை எட்டுற எடத்துல வை."

பிள்ளை அடுக்களைக்கு ஓடினாள். கால் கழுவிவிட்டு வந்த ரசலையன், குட்டி வாலை ஆட்டி ஆட்டிப் பால் குடிப்பதைப் பார்த்தான். அவனுக்குக் கொஞ்சம் எரிச்சலே வந்துவிட்டது.

"இதை மொதல்லயே செய்திருக்கப்பிடாதா? பச்சப்பிள்ளையைப் போட்டு எதுக்குட்டி இந்தப் பாடு படுத்துன? அதுக்குத்தான் தள்ளை இருக்கே."

ராகேல் தன் வயிற்றின் மேல் கையை வைத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அதுக்கு இருக்கு. இதுக்கு இருக்காது."