பட்டை சொன்ன சேதி

கற்றல் குறைபாடு உள்ள எல்லோரையும் போல, இருபத்தாறு வயதுத் தாரகையும் சட்டப்படி கையில் மனதைப் படிக்கும் பட்டை அணிந்திருந்தாள். அவள் மனதில் எது தோன்றினாலும் அது அம்மாவின் கைப்பேசிக்குப் போய்விடும்.

அன்று நாடகப் பட்டறையில், விரும்பியவரை மணக்கும் உரிமையைப் பற்றிய காட்சியை நடித்துப் பார்த்தார்கள்; தாரகை மணப்பெண். மாப்பிள்ளையாக நடித்த ஜெரால்டு அவள் கையைப் பிடித்தான்.

சற்று நேரத்தில் அம்மா வசந்தா மூச்சிரைக்க வந்து நின்றாள். "அந்தப் பையன உனக்குப் புடிச்சிருக்காமே?"

தாரகைக்கு அழுகை வந்தது. "நானே சொல்லணும்னு இருந்தேம்மா. இது சொல்லிடுச்சு."

வசந்தா பட்டையைக் கழற்றினாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்க. நீயே சொல்லு."

"இப்ப இல்ல. நாடகம் முடியட்டும்."

மகள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல், முதல்முறையாக வசந்தா வெளியே காத்திருந்தாள்.