உருக்கக் கூடாத துப்பாக்கி

"தொடாதே! அது எங்க தாத்தா துப்பாக்கி. தொட்ட கையை முறிச்சிடுவேன்!"

"முறி. போலீஸ் எதிர்லயே முறி. அதையும் சேர்த்து எழுதிக்குவாங்க."

தேவாலயத்துக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் வெண்டல் கிராப்ட்ரீயும் அவன் மனைவி நாடினும் போட்ட கூச்சல், உள்ளே பாட்டுப் பயிற்சியில் இருந்த ஏழு பேரையும் ஜன்னலுக்கு இழுத்து வந்துவிட்டது. வெளியே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஓப்பலுக்கோ முதல் வரிசை.

டென்னஸியின் அந்தச் சிற்றூரில் அன்று துப்பாக்கி ஒப்படைக்கும் நாள். வேண்டாத துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தால் மளிகைக் கடைக் கூப்பன் தருவார்கள். ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். ஊரில் யார் வீட்டில் என்ன வேகிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லக்கூடிய ஓப்பலைக் கூட்டி வந்து, கேள்வி கேட்கக் கூடாத நாற்காலியில் உட்கார வைத்தது பாதிரியாரின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

நாடின் கையில் கேக் டப்பா. உள்ளே துணியில் சுற்றிய ரிவால்வர்.

ஓப்பலுக்குக் கேட்காமலே விஷயம் புரிந்துவிட்டது. போன மாதம் பக்கத்து வீட்டு ஹாய்ட் பிக்கென்ஸ் பின்வாசலில் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அப்பாலிருந்து வந்த குண்டு அவன் கெண்டைக்கால் சதையில் பாய்ந்தது. சுட்டவனைப் பார்க்கவில்லை என்றான் ஹாய்ட். பார்க்கத்தான் வேண்டுமா? "அந்த நாய் இன்னொரு தடவை என் தோட்டத்தைக் கிளறட்டும், நாயைச் சுட மாட்டேன், நாய்க்காரனைச் சுடுவேன்" என்று வெண்டல் முடிதிருத்தும் கடையில் சவடால் விட்டதை ஊரே கேட்டிருந்தது. ஆனால் வெறும் சவடாலை நம்பி வீட்டைச் சோதனை போட நீதிபதி அனுமதி தரவில்லை. அவர் வெண்டலோடு மான் வேட்டைக்குப் போகிறவர். ஹாய்ட்டின் காலிலிருந்து எடுத்த குண்டு, அது கிளம்பிய துப்பாக்கிக்காக ஷெரீஃப் அலுவலகத்தில் காத்துக் கிடந்தது.

இப்போது பாவம் நாடின், இங்கே கொடுத்தால் உருக்கிவிடுவார்கள் என்று நம்பி, ஆதாரத்தையே ஒப்படைத்துப் புருஷனைக் காப்பாற்ற வந்திருக்கிறாள். அந்த மண்டூகத்துக்கு அதுகூடப் புரியவில்லை!

"முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் இந்தச் சனியனைத் தொடுறேன்!" ஏழு பேருக்கும் கேட்கும்படி கத்தினாள் நாடின். "இதை வீட்டுல வெச்சுக்கிட்டு இனிமே என்னால தூங்க முடியாது."

"அது என் உரிமைடி! அரசியல் சட்டத்துலயே இருக்கு."

"சட்டத்துல இருக்கட்டும். என் அடுப்படி இழுப்பறையில இருக்க வேணாம்."

"குண்டை எடுத்துட்டுத் தரணும் நாடின்" என்றாள் ஓப்பல். அது கேள்வி இல்லையே.

நாடின் அழுதுகொண்டே, பட்டாணி உரிப்பதுபோல ஆறு குண்டுகளையும் மேஜைமேல் உதிர்த்தாள். "இன்னைக்கே உருக்கிடுவீங்கள்ல?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

பக்கத்தில் நின்ற ஷெரீஃபின் உதவியாளன் கர்ட்டிஸ் தலையைச் சொறிந்தான்.

"அதான் முடியாதே அக்கா. கைக்கு வந்த துப்பாக்கியை உருக்கக் கூடாது, ஏலத்துல விக்கணும்னு சட்டம். நம்ம வெண்டல் அண்ணன்தானே பஸ் பிடிச்சுத் தலைநகர் வரைக்கும் போய்க் கொடி பிடிச்சாரு!"

'உருக்காதே!' என்று அந்தப் போராட்டத்துக்குச் சிவப்பு எழுத்தில் அட்டை எழுதிக் கொடுத்ததே நாடின்தான். புருஷன்மேல் உள்ள பாசத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று ஓப்பல் உச்சுக்கொட்டினாள்.

வெண்டல் தொடையைத் தட்டிச் சிரித்தான். "கேட்டியாடி? ஏலத்துல நானே எடுத்துக்குறேன்!"

"விக்கிறதுக்கு முன்னால சுட்டுப் பார்த்து, ஏதாவது கேஸ்ல மாட்டினதான்னு பார்ப்போம் அண்ணே. அதுவும் விதி."

"தாராளமா பாருங்கப்பா!"

என்ன நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டாள் ஓப்பல்.

மூன்றே நாளில் குண்டு பொருந்திவிட்டது.

"அவன் கால்ல குண்டு பட்ட அன்னைக்கு நான் கால்பந்தாட்டம் பார்த்துக்கிட்டே சோபாவுல தூங்கிட்டேன். இழுப்பறையில கிடந்ததை யார் வேணும்னாலும் எடுத்திருக்கலாம்" என்று நீதிமன்றத்தில் கெஞ்சினான் வெண்டல்.

அரசுத் தரப்பு வக்கீல் ஊர்க்கூட்டத்தின் பழைய குறிப்பேட்டைப் புரட்டினார். துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும், தவறினால் சொந்தக்காரரே பொறுப்பு என்று விதி கொண்டுவரப் பார்த்தபோது வெண்டல் எழுந்து முழங்கியது அதில் அப்படியே இருந்தது: "பூட்டு எதுக்கு? என் துப்பாக்கியை என்னைத் தவிர இந்த ஊர்ல ஒருத்தரும் தொட முடியாது!"

அன்று கைதட்டியவர்களில் இரண்டு பேர் இப்போது ஜூரியில் உட்கார்ந்திருந்தார்கள்.

நாடின் முப்பது வருடமாக அதைத் தொட்டதே இல்லை என்று, காதால் கேட்டதைக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொன்னாள் ஓப்பல். கடைசியாக வக்கீல், வெண்டலின் வண்டியில் ஒட்டியிருந்த வாசகத்தைப் படமெடுத்துக் காட்டினார்: 'துப்பாக்கி சுடாது, ஆள்தான் சுடுவான்.' ஜூரி முழு மனதாக ஆமோதித்தது. எட்டு வருடம்.

அப்புறம் ஊரில் என்னென்னவோ நடந்துவிட்டது. கர்ட்டிஸ் பாதிரியாரின் மகளைக் கட்டிக்கொண்டான். நாடின் விவாகரத்து வாங்கி, வீட்டை விற்று, "இந்தத் துப்பாக்கிச் சத்தமே வேணாம்" என்று புளோரிடாவுக்குக் குடிபோனாள். கிறிஸ்துமஸ் வாழ்த்தோடு தன் இரண்டாம் கல்யாணப் படத்தையும் ஓப்பலுக்கு அனுப்பியிருந்தாள்.

படத்தில் மாப்பிள்ளை ஹாய்ட் பிக்கென்ஸ், ஒரு கையில் ஊன்றுகோலும், மறு கையில் மணப்பெண் சென்ற மாதம் கைத்துப்பாக்கிப் போட்டியில் வென்ற முதல் பரிசுக் கோப்பையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.