பாக்கி ஒரே ஒரு கை

“என்னங்க, குளியலறைக்குள்ள போய் ஒரு மணி நேரம் ஆச்சு. நீங்களாத் திறக்கறீங்களா, ஆள் வச்சுக் கதவை உடைக்கட்டுமா?”

மனைவி தட்டிய தட்டில் தாழ்ப்பாள் ஆடியது. பக்கத்தில் மருந்துப் பெட்டியும் கையுமாக நர்ஸ் நின்றிருந்தாள். காய்ச்சல் பரவிய நகரத்துக்கு உதவி செய்ய வெளியூரிலிருந்து வந்தவள். மற்ற தெருக்களெல்லாம் திறந்தாகிவிட்டது. இன்னும் தட்டி கட்டி அடைத்திருந்தது இந்தத் தெரு மட்டும்தான். இங்கே கடைசி ஆளும் ஊசி போட்டுக்கொண்டால்தான் தட்டியைப் பிரிப்பார்கள். அந்தக் கடைசி ஆள்தான் உள்ளே இருந்தார்.

“எனக்கு லேசா உடம்பு சுடுது” என்றது உள்ளேயிருந்து குரல். “காய்ச்சல் இருக்கிறவங்களுக்குப் போடக் கூடாதுன்னு விதி இருக்கு.”

“வெளிய வாங்க சார், சூடு பார்த்துடலாம்” என்றாள் நர்ஸ்.

உள்ளே குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“பெட்டியில குளிர் சரியா இருக்கா? மருந்து கெட்டுப் போயிருந்தா?”

“இவ்வளவு விவரமாப் பேசறீங்க. ஒரு ஊசிக்கா சார் பயப்படறீங்க?”

“பயமா? எனக்கா? ஒரு முன்ஜாக்கிரதைதான்!”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “இவர் பேச்சை நம்பாதேம்மா. தெருவுல எல்லாரும் போட்டுக்கிட்டப்ப, ‘ஆபீஸ்லயே போட்டாச்சு’ன்னாரு. ஆபீஸ்ல கேட்டதுக்கு, ‘எங்க தெருவுல சனங்களோட சனமா நின்னு போட்டுக்கறேன்’னாராம். இன்னிக்குத்தான் குட்டு உடைஞ்சுது.”

பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “சார், நான் தினமும் விரல்ல ஊசி குத்திக்கிறவன். ஒண்ணுமே இல்ல சார். கடையைத் திறக்கணும், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“உங்க ஊசி வேற, இது வேற!”

மனைவிக்கு இப்போது நிஜமாகவே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகளுக்குப் பிரசவமாகி மூன்று நாள் ஆகிறது. ஆஸ்பத்திரி இரண்டே தெரு தள்ளி இருந்தும், பேத்தியைப் போனில் பார்த்ததோடு சரி.

“இங்க பாருங்க. பேத்திக்குக் காலையில முதல் ஊசி போட்டாங்களாம். வீல்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அழுது முடிச்சுட்டு நிம்மதியாத் தூங்குதாம். மூணு நாள் பொடிசு! அதுகிட்ட, ‘உன் தாத்தா குளியலறையில ஒளிஞ்சிருக்காரு, அதான் உன்னைப் பார்க்க வர முடியல’ன்னு சொல்லட்டுமா?”

தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

வெளியே வந்தவர் நல்ல வாட்டசாட்டம், முறுக்கிய மீசை வேறு. ஒரு கையால் மனைவியின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, மறு கையை நர்ஸிடம் நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“போடும்மா. சொல்லிட்டுப் போடு.”

“போட்டாச்சு சார்.”

“எப்போ?”

நர்ஸ் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். தையல்காரர் ஜன்னலிலிருந்தே, “முடிஞ்சுது!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் புடவை மாற்ற ஓடினாள்.

அப்போது அவருடைய போன் அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக் கம்பீரமாகப் பேசினார்.

“ஆமா, நகர சுகாதார அதிகாரிதான் பேசறேன். கடைசித் தெருவும் முடிஞ்சுது, தட்டியைப் பிரிக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு ஆள்தான் ரொம்ப அடம் புடிச்சான். விடுவேனா? கூடவே இருந்து போட வச்சுட்டேன்!”